அஞ்சு வயசு, ஏழு வயசு, சம்பளச் சீட்டு: பிரிந்த பெற்றோருக்கு நடுவில் ஒரு குழந்தையின் வரலாறு

(எபிசோட் பேச்சின் செம்மை செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

நம்ம வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஒரு புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சுட்டாங்க, குழந்தை யார்கிட்ட இருக்கணும்னு பேச்சு வந்தா, மூணு வாக்கியம் தவறாம காதுல விழும். ஒண்ணு, "அஞ்சு வயசு வரைக்கும் அம்மாகிட்ட விடுவாங்க, அதுக்கப்புறம் அப்பா கேட்டா குடுத்துத்தான் ஆகணும்." ரெண்டாவது, "பையனா இருந்தா ஏழு வயசோட அம்மா உரிமை முடிஞ்சுது." மூணாவது, "ஷூ கம்பெனி சம்பளத்தை வெச்சுக்கிட்டு அவ எப்படிக் குழந்தையைக் கேட்பா? காசு இருக்கிறவங்க பக்கம்தான் கோர்ட்டு."

இதைச் சொல்றவங்க யாரும் கற்பனையாகச் சொல்லலை. மூணுக்கும் பின்னாடி நிஜமான சட்டம் இருக்கு, நிஜமான வழக்கு இருக்கு. ஆனா மூணுமே பாதி உண்மை. அந்தப் பாதியை முழுசா நம்பிட்டா, கோர்ட் வாசலை மிதிக்காமலேயே ஒரு அம்மா குழந்தையை விட்டுக்கொடுத்துடலாம். இனி பார்க்கவே முடியாதுன்னு ஒரு அப்பா ஒதுங்கிடலாம். அதனால இன்னிக்கு இந்த மூணு வாக்கியமும் எங்கேயிருந்து கிளம்பி நம்ம ஊர் வரைக்கும் வந்துதுன்னு பார்ப்போம். கதை லண்டன்ல தொடங்குது, அடையாறு வழியா பாலாற்றங்கரைக்கு வருது.

குழந்தை அப்பாவோடது

19-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கல்யாணத்துக்குள் பிறந்த குழந்தை அப்பாவின் அதிகாரத்துக்கு உட்பட்டது. அப்பா அடிக்கிறவரா, குடிக்கிறவரா என்பதெல்லாம் பெரும்பாலும் பொருட்டில்லை. பால்குடி மாறாத குழந்தையைக்கூட அவர் எடுத்துக்கொண்டு போகலாம்.

இதை எதிர்த்துக் கிளம்பியவர் கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளர். 1836-ல் அவரும் கணவரும் பிரிந்தபோது, கணவர் மூன்று மகன்களையும் எடுத்துக்கொண்டார். குழந்தைகளைப் பார்க்கக்கூட அந்த அம்மாவுக்குச் சட்டத்தில் வழியில்லை. அவர் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார், எம்.பி.க்களைப் போய்ப் பார்த்தார். விளைவாக 1839-ல் குழந்தைகள் காவல் சட்டம் வந்தது. பிரிந்து வாழும் தாய், 7 வயசுக்குக் கீழ் உள்ள குழந்தையைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கலாம். அதற்கு மேல் வயசுள்ள குழந்தைகளைப் போய்ப் பார்க்க அனுமதி கேட்கலாம். அந்தத் தாய்மேல் கள்ள உறவுக் குற்றம் நிரூபணமாகியிருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் கூடவே இருந்தது.

சட்டம் வந்தும் கரோலினுக்கு அது உடனே உதவவில்லை. ஏன்னா, கணவர் அதற்குள் குழந்தைகளை ஸ்காட்லாந்துக்கு அனுப்பியிருந்தார். அந்தச் சட்டம் அங்கே செல்லாது. இதை மனசுல வெச்சுக்கோங்க. குழந்தை எந்த ஊரில் இருக்கிறது என்பதே வழக்கைத் தீர்மானிக்கும் விஷயம் இந்தக் கதையில் திரும்பத் திரும்ப வரும்.

ஒரே பெண், இரண்டு வழக்குகள்

இப்போ நமக்கெல்லாம் தெரிந்த பேருக்கு வர்றேன். அன்னி பெசன்ட். ஹோம் ரூல், அடையாறு தியோசாபிகல் சொசைட்டி என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். அவர் தன் குழந்தையை நீதிமன்றத்தில் இழந்த ஒரு தாய் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அவருடைய கணவர் ஃபிராங்க் பெசன்ட் லிங்கன்ஷயரில் ஒரு பாதிரியார். 1873-ல் இருவரும் ஒப்பந்தம் எழுதிப் பிரிந்தார்கள். மகன் டிக்பி அப்பாவிடம், மகள் மேபல் அம்மாவிடம் என்று ஏற்பாடு. அதன்பின் அன்னி பெசன்ட் நாத்திகப் பிரசாரத்தில் இறங்கினார். 1877-ல் சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து கருத்தடை பற்றிய ஒரு சிறு நூலை வெளியிட்டதற்காகக் குற்றவாளிக் கூண்டில் நின்றார். மறு வருஷமே கணவர், இப்படிப்பட்ட பெண்ணிடம் என் மகள் வளரக்கூடாது என்று நீதிமன்றம் போனார். நீதிபதி சர் ஜார்ஜ் ஜெசல் அதை ஏற்றுக்கொண்டார். மேபலுக்கு அப்போ ஏறக்குறைய 8 வயசு. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அந்தத் தாயைக் காப்பாற்றவில்லை. அந்தப் பெண் குழந்தையைச் சரியாகக் கவனிக்கவில்லை என்பதல்ல பிரச்சினை. அவருடைய கருத்துகள்தான் பிரச்சினை. பின்னாளில் வளர்ந்து பெரியவர்கள் ஆனதும் மகன், மகள் இருவருமே அம்மாவிடம் திரும்பி வந்தார்கள்.

அப்படியே 30 வருஷத்துக்கும் மேல் தாண்டி மெட்ராஸுக்கு வருவோம். நாராயணய்யா, வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். 1909-ல் பிள்ளைகளோடு அடையாறுக்குக் குடிவந்தார். அவருடைய ஒரு மகன்தான் ஜே. கிருஷ்ணமூர்த்தி. உலகுக்கு வரப்போகும் ஆசான் இந்தப் பையன்தான் என்று தியோசாபிகல் சொசைட்டியில் இருந்தவர்கள் நம்பினார்கள். 1910 மார்ச்சில் கிருஷ்ணமூர்த்தி, தம்பி நித்யானந்தா இருவருக்கும் அன்னி பெசன்டைப் பாதுகாவலராக்கி நாராயணய்யா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பையன்கள் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். அப்பாவுக்கு மனசு மாறியது. 1912 அக்டோபரில் என் பிள்ளைகளைத் திருப்பிக் கொடு என்று வழக்குப் போட்டார். அடையாறு அப்போ செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்ததால் வழக்கு செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டில் தாக்கலானது, பிறகு மெட்ராஸ் ஐகோர்ட்டுக்கு மாறியது. அப்பாவுக்காக வாதாடியவர் சி.பி. ராமசாமி ஐயர். எதிர்த்தரப்பில் அன்னி பெசன்ட் தன் வழக்கைத் தானே நடத்தினார்.

1913-ல் நீதிபதி பேக்வெல் அப்பாவுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். அப்பீலிலும் அப்பாவே ஜெயித்தார். அன்னி பெசன்ட் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். 1914 மே மாதம் பிரிவி கவுன்சில் எல்லாவற்றையும் தலைகீழாக்கியது.

அந்தத் தீர்ப்பில் நமக்கு வேண்டியது மூணு விஷயம். முதல் விஷயம், பிள்ளைகள்மேல் அப்பாவுக்கு உள்ள பொறுப்பு ஒரு நம்பிக்கைப் பொறுப்பு. அதை வேறொருவருக்கு நிரந்தரமாக எழுதிக் கொடுத்துவிட முடியாது, கொடுத்தாலும் திரும்பப் பெறலாம். இது அப்பாவுக்குச் சாதகம். இரண்டாவது, பையன்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் அவர்கள் வழக்கமாக வசிக்கவில்லை, அதனால் அந்தக் கோர்ட்டுக்கு இந்த விஷயத்தில் அதிகாரமே இல்லை. மூணாவதுதான் முக்கியம். வழக்கு நடந்த அத்தனை காலத்திலும் அந்தப் பையன்களுக்காகப் பேச யாரும் நிறுத்தப்படவில்லை. அவர்களுக்கு எது நல்லது, அவர்கள் என்ன விரும்புகிறார்கள் என்று சரியாக விசாரிக்காமல் கப்பலேற்றி அனுப்பச் சொல்ல முடியாது.

தீர்ப்பு வரும்போது கிருஷ்ணமூர்த்திக்கு 19 வயசு. யோசிச்சுப் பாருங்க, ஒரு பிள்ளையின் பால்யம் முழுக்க முடிஞ்ச பிறகு, அந்தப் பிள்ளையைக் கேட்டீங்களான்னு உச்சியில் இருக்கிற கோர்ட் கேட்குது.

1890: நம்ம எல்லாருக்கும் மேல ஒரு சட்டம்

"வழக்கமாக வசிக்கும் இடம்" என்ற சொல் எங்கிருந்து வந்தது? 1890-ம் வருஷத்துப் பாதுகாவலர்கள் மற்றும் காப்புப் பிள்ளைகள் சட்டத்தின் 9-வது பிரிவு. வழக்கறிஞர்கள் கார்டியன் ஆக்ட் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இன்றைக்கும் இதுதான் நடைமுறையில் இருக்கிறது.

நம்ம தோல் பெல்ட்டை எடுத்துக்கோங்க. ஒரு ஷூ கம்பெனியில் ஒரே வரிசையில் உட்கார்ந்து அப்பர் தைக்கிற மூணு பெண்கள். ஒருத்தர் இந்து, ஒருத்தர் முஸ்லிம், ஒருத்தர் கிறிஸ்தவர். மூணு பேரும் கணவரைப் பிரிந்தால் விவாகரத்துக்கு மூணு தனித்தனிச் சட்டம். ஆனா குழந்தை விஷயத்தில் மூணு பேருக்கும் மேலே இந்த 1890 சட்டம் நிற்கிறது. 17-வது பிரிவு என்ன சொல்கிறது? குழந்தையின் நலன் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கும்போது வயது, பாலினம், மதம், பாதுகாவலராக வரப்போகிறவரின் குணம், உறவு எல்லாவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். குழந்தை யோசித்துச் சொல்லும் வயதில் இருந்தால் அதன் விருப்பத்தையும் கேட்கலாம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு பிரிவு தள்ளி, 19-வது பிரிவில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. அப்பா உயிரோடு இருந்து, அவர் தகுதியற்றவர் என்று கோர்ட் கருதாதவரை, வேறு யாரையும் அந்தக் குழந்தைக்குப் பாதுகாவலராக நியமிக்கக் கூடாது. அம்மா என்ற சொல்லே அங்கே இல்லை. அந்தப் பிரிவில் "அப்பா" என்ற இடத்தில் "அப்பா அல்லது அம்மா" என்று எழுத 2010-ம் வருஷம் பாராளுமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரே ஒரு சொல் சேர்வதற்கு 120 வருஷம்.

ஏழு வயசு

இப்போ இரண்டாவது வாக்கியத்தை முதலில் எடுத்துக்கறேன். பையனுக்கு ஏழு வயசு என்ற கணக்கு.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஹனஃபி வழியைப் பின்பற்றுகிறவர்கள். அந்த வழியில் ஹிஸானத் என்று ஒரு கருத்து உண்டு. சின்னக் குழந்தையை வளர்க்கும் உரிமை தாய்க்கு. பையனானால் 7 வயசு முடியும்வரை, பெண்ணானால் பருவமடையும்வரை. ஷாஃபி வழியில் பெண்ணுக்குக் கணக்கு வேறு, ஷியாக்களிடம் இன்னும் வேறு. ஒரு விஷயம் கவனிங்க. அப்பா பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு போகலாம் என்று இங்கிலாந்துச் சட்டம் இருந்த காலத்தில், இந்த வழியில் வளர்க்கும் உரிமை தாய்க்கு என்று எழுதப்பட்டே இருந்தது. தாய் இல்லாவிட்டால் அடுத்து தாயின் தாய்.

ஆனா இதில் இன்னொரு பக்கமும் உண்டு. வளர்ப்பது வேறு, பாதுகாவலர் அதிகாரம் வேறு. 1918-ல் இமாம்பாந்தி வழக்கில் பிரிவி கவுன்சில் இதைத் தெளிவாகச் சொன்னது. தாய் குழந்தையை வளர்க்கலாம், ஆனால் அவர் இயற்கைப் பாதுகாவலர் அல்ல, குழந்தையின் நிலத்தை விற்க அவருக்கு அதிகாரம் இல்லை. குழந்தைக்கு நெருங்கிய உறவாக இல்லாத ஒருவரைத் தாய் மறுமணம் செய்தால் ஹிஸானத் போய்விடும் என்ற விதியும் உண்டு.

இப்போ கேள்வி: பையனுக்கு 7 வயசு முடிந்த மறுநாள் அப்பா வந்து கையைப் பிடித்து அழைத்துப் போகலாமா? முடியாது. அவர் கோர்ட்டுக்குப் போக வேண்டும். அங்கே அவருடைய மத வழி ஒரு முக்கியமான காரணியாகக் கணக்கில் வரும். கூடவே 17-வது பிரிவும் வரும். பையன் எந்த ஸ்கூலில் படிக்கிறான், யாரிடம் ஒட்டுதல், அப்பா வேலைக்குப் போனால் வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள், பையன் என்ன சொல்கிறான், எல்லாம் பார்ப்பார்கள். ஏழு என்பது தானாகப் பூட்டும் கதவு இல்லை. அதே மாதிரி ஜமாஅத்தில் உட்கார்ந்து பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வருவதில் தப்பில்லை, பல குடும்பங்களுக்கு அது உதவவும் செய்கிறது. ஆனால் ஃபத்வாவுக்குச் சட்டப்படிக் கட்டாயப்படுத்தும் சக்தி கிடையாது என்று சுப்ரீம் கோர்ட் 2014-ல் சொல்லிவிட்டது. ஊர்ப் பஞ்சாயத்து எழுதிக் கொடுக்கிற காகிதமும் கோர்ட் உத்தரவு ஆகாது.

அஞ்சு வயசு

முதல் வாக்கியம் 1956-ல் பிறந்தது. இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டம், 6-வது பிரிவு. இந்துக் குழந்தைக்கு இயற்கைப் பாதுகாவலர் அப்பா, அவருக்குப் பிறகு அம்மா. ஆனால் 5 வயசு முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும்.

ஊரில் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அஞ்சு வரைக்கும் அம்மா, அப்புறம் அப்பா. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 5 வயசுக்குக் கீழே தாய்க்கு முன்னுரிமை என்று மட்டும் சொல்கிறது. அதற்கு மேலே என்ன என்பதற்கு அதே சட்டத்தின் 13-வது பிரிவு பதில் வைத்திருக்கிறது: குழந்தையின் நலனே தலையாயது.

"அவருக்குப் பிறகு" என்ற அந்தச் சொல்லும் பெரிய வழக்கானது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பேரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். அப்பா கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். அதோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட இன்னொரு மனு சுற்றுச்சூழல் ஆர்வலர் வந்தனா சிவாவுடையது. அவருடையது விவாகரத்தில் மகன் யாரிடம் என்ற தகராறு. தான் மட்டுமே இயற்கைப் பாதுகாவலர் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். 1999 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. "அவருக்குப் பிறகு" என்றால் அவர் செத்த பிறகு என்று மட்டும் அர்த்தம் இல்லை. அவர் இல்லாத நிலையில் என்று படிக்க வேண்டும். அப்பா குழந்தை விஷயத்தில் அக்கறையே காட்டவில்லை என்றாலும், இருவருக்கும் நடுவில் அப்படியொரு ஏற்பாடு இருந்தாலும், அம்மாவே இயற்கைப் பாதுகாவலர்.

நல்ல தீர்ப்புதான். ஆனா வரிசையில் அப்பா முதலில், அம்மா ரெண்டாவது என்கிற அந்த வாசகம் சட்டப் புத்தகத்தில் அப்படியேதான் இருக்கு.

சம்பளச் சீட்டு

மூணாவது வாக்கியம் நம்ம ஊரோட நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

1970-கள் வரை இந்தப் பகுதியின் ஏற்றுமதி என்றால் பாதி பதப்படுத்திய தோல்தான். டேனரி வேலை பெரும்பாலும் ஆண்கள் வேலை. சீதாராமையா கமிட்டி பரிந்துரைக்குப் பிறகு, 1973 முதல் பாதி பதப்படுத்திய தோலை வெளிநாட்டுக்கு அனுப்புவதை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. முடித்த தோல், ஷூ அப்பர், ஷூ என்று செய்து அனுப்பு என்று தொழிலைத் தள்ளியது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகள் பெருகின. அவற்றில் பெரும்பாலான கைகள் பெண்களுடையவை. அதாவது மாதச் சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கார்டு என்று தன் பேரில் காகிதம் வைத்திருக்கிற பெண்கள் ஒரு தலைமுறையில் இங்கே உருவானார்கள்.

அதே 1973-ல்தான், ஏப்ரல் மாதம், மெட்ராஸிலிருந்து போன ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் முக்கியமான தீர்ப்பைச் சொன்னது. ரோஸி ஜேக்கப் வழக்கு. கிறிஸ்தவத் தம்பதி, மூன்று பிள்ளைகள். மனைவி 1962-ல் மெட்ராஸ் ஐகோர்ட்டில் பிரிந்து வாழும் உத்தரவு கேட்டார், 1964-ல் கிடைத்தது. பிள்ளைகள் யாரிடம் என்பதில் மட்டும் இழுபறி ஓயவில்லை. மூத்த மகன் அப்பாவிடம், மகளும் இளைய மகனும் அம்மாவிடமா அப்பாவிடமா என்று உத்தரவுகள் மாறி மாறி வந்தன. அப்போதைய கிறிஸ்தவ விவாகரத்துச் சட்டப்படி இந்தியத் தந்தையின் மகன் 16 வயசிலும், மகள் 13 வயசிலும் மைனர் என்ற கணக்கிலிருந்து வெளியே போய்விடுவார்கள். அதனால் அப்பா 1890 சட்டத்தின் 25-வது பிரிவைப் பிடித்தார். தகுதியுள்ள அப்பா நான் இருக்கும்போது பிள்ளைகள் எனக்குத்தான் என்பது வாதம்.

சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. அப்பா தகுதியானவர் என்பதாலேயே பிள்ளைகளின் நலன் பின்னுக்குப் போகாது என்றது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் இல்லை, விளையாட்டுப் பொருளும் இல்லை என்ற கருத்தை அந்தத் தீர்ப்பு அழுத்தமாகச் சொன்னது. மகளும் இளைய மகனும் தாயிடம் என்று முடிந்தது. இந்தியா முழுக்க இன்றைக்கும் குழந்தை வழக்குகளில் வக்கீல்கள் இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துப் படிக்கிறார்கள்.

பண விஷயத்தை நேராகத் தொட்ட தீர்ப்பு 1997-ல் வந்தது. தன்வந்தி ஜோஷி வழக்கு. அப்பா அமெரிக்காவில் வசதியாக இருப்பவர். அம்மா 1984-ல் கைக்குழந்தையோடு இந்தியா திரும்பி, இங்கே வேலை பார்த்துத் தனியாக வளர்த்தவர். பையனுக்கு அங்கே போனால் நல்ல வாழ்க்கை என்று அப்பா தரப்பு வாதம். பணவசதி ஒரு காரணியாக இருக்கலாம், அது மட்டுமே குழந்தையை இடம் மாற்றப் போதாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லி, பையனைத் தாயிடமே விட்டது.

குழந்தை அம்மாவிடம் இருக்கிறது என்பதால் அப்பாவின் செலவுப் பொறுப்பும் போய்விடாது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 144-வது பிரிவு. அதன்படி ஜீவனாம்சம் கேட்கலாம். அதனால ஷூ கம்பெனி சம்பளச் சீட்டு சின்னதாக இருக்கிறதே என்று பயப்படத் தேவையில்லை. அந்தச் சீட்டைக் கோர்ட்டில் காட்டலாம். நிலையான வேலை இருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சி. அதைவிட, ஷிஃப்ட் முடியும்வரை குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற கேள்விக்கு நல்ல பதில் வேண்டும். நம்ம பக்கம் அந்தப் பதில் பெரும்பாலும் அம்மாவைப் பெற்ற பாட்டிதான்.

காலண்டர்

இந்த வழக்குகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு உறுத்துவது தேதிகள்தான்.

ரோஸி ஜேக்கப்: 1962-ல் தொடங்கி 1973-ல் முடிந்தது, 11 வருஷம். தன்வந்தி ஜோஷி: கைக்குழந்தையாக வந்தவன் தீர்ப்பின்போது 14 வயசைத் தாண்டியிருந்தான். கிருஷ்ணமூர்த்தி 19. குழந்தைக்கு எது நல்லது என்று சட்டம் ரொம்ப நேர்மையாகத் தேடியிருக்கிறது. தேடி முடிக்கும்போது குழந்தை குழந்தையாக இல்லை.

இதனால ஒரு விளைவு உண்டு. வழக்கு நடக்கும் காலம் முழுக்கக் குழந்தை யாரிடம் இருக்கிறதோ, அங்கேயே அதற்கு ஸ்கூல் அமைகிறது, சிநேகிதர்கள் அமைகிறார்கள். பழகிய இடத்திலிருந்து பிய்த்து எடுப்பது நல்லதல்ல என்று கடைசியில் நீதிபதியும் நினைப்பார். அது நியாயமான நினைப்புதான். ஆனால் இதைத் தெரிந்துகொண்டே குழந்தையை ராத்திரியோடு ராத்திரியாக வேறு ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். கரோலின் நார்ட்டனின் கணவர் ஸ்காட்லாந்துக்கு அனுப்பியதும் இதே கணக்குதான். நம்ம பகுதியோ எல்லை ஓரம். பேரணாம்பட்டு தாண்டினால் ஆந்திரா, ஆம்பூரில் ரயில் ஏறினால் பெங்களூர். 2019 நவம்பருக்குப் பிறகு வேலூரே மூணு மாவட்டம், ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போ திருப்பத்தூரில். குழந்தை "வழக்கமாக வசிக்கும்" இடத்துக் கோர்ட் எது என்பதிலேயே முதல் சண்டை தொடங்கிவிடும். எங்கே என்பது அந்தந்த வழக்கின் உண்மைகளைப் பொறுத்தது, ஒருநாள் இரண்டுநாள் தூக்கிக்கொண்டு போனதால் மாறிவிடாது. ருச்சி மாஜு வழக்கில் 2011-ல் சுப்ரீம் கோர்ட் இதை விரிவாகப் பேசியிருக்கிறது.

அதனால்தான் இறுதித் தீர்ப்பைவிட இடைக்கால உத்தரவு முக்கியம். வழக்குப் போட்ட உடனே, முடியும்வரை குழந்தை யாரிடம், மற்றவர் எந்தக் கிழமை எத்தனை மணி நேரம் பார்க்கலாம் என்று கேட்டு வாங்க முடியும். 1984-ம் வருஷத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டம் முதலில் சமரசத்துக்கு முயற்சி பண்ணச் சொல்கிறது. 2020 ஜனவரியில் யஷிதா சாஹு வழக்கில் சுப்ரீம் கோர்ட், இரண்டு பெற்றோரின் அன்பும் கிடைப்பது குழந்தையின் உரிமை என்றது. குழந்தை ஒருவரிடம் இருந்தாலும் மற்றவர் பார்க்கவும் பேசவும் போதிய ஏற்பாடு வேண்டும், தூரத்தில் இருந்தால் வீடியோ கால் மூலமாவது பேச வைக்க வேண்டும் என்றது. 2015-ல் சட்ட ஆணையம் தன் 257-வது அறிக்கையில் இருவரும் சேர்ந்து பொறுப்பேற்கும் முறையைச் சட்டத்திலேயே எழுதப் பரிந்துரைத்தது. அது இன்னும் சட்டமாகவில்லை.

1839-ல் அம்மாவுக்கு உரிமை உண்டா என்று கேட்டார்கள். 1914-ல் பையன்களைக் கேட்டீர்களா என்று கேட்டார்கள். 2020-ல் உரிமையே குழந்தையுடையது என்கிறார்கள். நல்ல பயணம்தான். ஆனா வாய்தா வாய்தாவாகப் போகும்போது அந்த உரிமை கோப்புக்குள்ளேயே இருந்துவிடும். ஒரு அப்பாவைப் பார்க்காத ஆறு மாசம் மூணு வயசுக் குழந்தைக்கு அதன் ஆயுளில் ஆறில் ஒரு பங்கு. பெரியவங்க கணக்குல அது ரெண்டு வாய்தா, அவ்வளவுதான்.

கடைசியா ஒரு தகவல். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 1987-ம் வருஷத்துச் சட்டத்தின் 12-வது பிரிவு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், 15100 என்ற எண்ணுக்கும் கூப்பிடலாம். இந்த எபிசோட் வரலாறு மட்டும்தான், உங்க வழக்குக்கு உங்க வக்கீல்தான் பதில் சொல்லணும்.

அடுத்த தடவை யாராவது உங்ககிட்ட "ஏழு வயசாச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு சொன்னா, அது யார் எழுதின ஏழுன்னு கேளுங்க. கேட்டுட்டு, தாமதிக்காம கிளம்புங்க.